இரண்டாவதும் நான்காவதும்

தாவெத் கிவிசால் தன் கணினியைக்
குழந்தையின் தள்ளுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தான்.
பனி உருகிச் சேறாகிக் கிடந்தது பட்டாணித் தெரு.
தார்த்து நகரின் இந்தப் பேட்டையில்
தெருக்களுக்குக் காய்கறிப் பெயர்.
கடை எனக்குப் பட்டாணியில், வீடு உருளைக்கிழங்கில்.

"உங்களிடம் வாங்கிய ஜோடிதான்" என்றான்.
சாதாரணமாகத்தான் சொன்னான்.
எனக்குத்தான் சுருக்கென்றது.

உள்ளான் பறவைகளின் குரல் அவன் பிழைப்பு.
மே மாதம், வெள்ளம் வடியாத புல்வெளியில்
ஒலிவாங்கியை நட்டுவிட்டு
விடிய விடியக் குந்தியிருப்பான்.
இப்போது பதிவின் பன்னிரண்டாம் நிமிடத்தில்
எந்தப் பறவையும் போடாத ஒரு சொடுக்கு.
மறுபடி சேமித்தால்
சொடுக்கு வேறு நிமிடத்துக்குக் குடிபோகிறது.
வட்டைக் குறை சொன்னார்கள், வயரைக் குறை சொன்னார்கள்.
மெமரியை யாரும் சந்தேகிப்பதில்லை.
மறந்தால் திட்டுவோம்;
தப்பாக ஞாபகம் வைத்திருந்தால்
நம்பிவிடுவோம்.

மூடியைக் கழற்றினேன்.
பேருந்தில் பக்கத்து இருக்கை பிடித்தாற்போல
ஒன்றிலும் இரண்டிலும் ஒட்டிச் செருகியிருந்தான்.
ஜோடி என்றால் ஒட்டி உட்காரக் கூடாது, தாவெத்.
செயலியிலிருந்து எண்ணு: இரண்டு, நான்கு.
இடையில் ஒரு ஸ்லாட் சும்மா கிடக்கட்டும்.
அப்போதுதான் ஆளுக்கொரு வழி.
இல்லாவிட்டால் இரண்டும்
ஒரே கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மாற்றினேன். வேகம் கூடிற்று.
சொடுக்கு போகவில்லை.
இரவுச் சோதனையில், நான்காம் மணி நேரத்தில்
சிவப்பாக ஒரே ஒரு வரி.

பூதக்கண்ணாடி எடுத்தேன்.
ஒரே கருப்பு உலோகச் சட்டை, ஒரே பெயர், ஒரே எழுத்து.
தொடர் எண் மட்டும்
ஒன்றில் நாற்பத்தொன்றில் முடிகிறது,
மற்றதில் ஐம்பத்தெட்டில்.
சட்டைக்குள்ளே சில்லுகள் வேறு வேறு வயிற்றில் பிறந்தவை.

ஞாபகம் வந்தது.
கிறிஸ்துமஸ் வாரம், கடை நிறையக் கூட்டம்,
படம் எடுக்க இரண்டு பெட்டிகளைப் பிரித்தேன்.
மூடியதும் நான்தான்.

கணக்குப் புத்தகத்தில் மற்ற பெட்டி:
நார்வா, கென்னாதி சவோஸ்தின், பல் மருத்துவர்.
என் உடைந்த ரஷ்ய மொழியில் பேசினேன்:
நாற்பத்திரண்டு உங்களிடம் இருக்கிறது,
ஐம்பத்தெட்டு இங்கே இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா?
"இரண்டு வருஷத்தில் ஒரு தொந்தரவில்லை.
வலிக்காத பல்லை நான் பிடுங்குவதில்லை"
என்று வைத்துவிட்டார்.

வலிக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.
பெட்டியின் மேல் மூவாயிரத்து அறுநூறு.
பலகை தானாக எழும்போது
இரண்டாயிரத்து நூற்று முப்பத்துமூன்றுதான்.
அமைப்புக்குள் நுழைந்து
ஒரு வரியை இயக்கிவிட வேண்டும்.
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
யாரும் என்றால், நான்.

இங்கே மிச்சமிருந்தது ஒரே வழி.
பதினாறைப் பதினெட்டாக்கினேன்.
முந்துகிற சில்லு பிந்துகிற சில்லுக்காக
இரண்டு துடிப்பு கூடுதலாக நிற்கும்.
காதால் கேட்க முடியாத தாமதம்,
உள்ளானின் காதாலும்கூட.
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
விடிந்தபோது திரையில்: பிழை, சுழியம்.
மறுநாளும் ஓட்டினேன், நம்பிக்கையில்லாமல். சுழியம்.

தாவெத் ஹெட்போன் மாட்டிக்கொண்டான்.
பன்னிரண்டாம் நிமிடம் வந்தது, போனது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
ஹெட்போனைக் கழற்றவும் இல்லை.
பில் போடாமல் அனுப்பினேன்.
தள்ளுவண்டிச் சக்கரம் மட்டும்
தெருக்கோடி வரை கிறீச்சிட்டது.

மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.
எந்த விசையை அழுத்தி உள்ளே போவது,
எந்த வரியை இயக்குவது, எல்லாம் வரிசையாக.
இயக்கினால் வேகம் பாய்ந்துவிடும்.
அன்றிலிருந்து
அவருடைய நாற்பத்திரண்டும் ஐம்பத்தேழும்
உண்மையிலேயே சந்தித்துக்கொள்ளும்;
யாரோ ஒருவரின் எக்ஸ்ரேயில்
இல்லாத சொத்தை ஒன்று விழலாம்.

தபால்தலை ஒட்டியாயிற்று.
மேசை இழுப்பறையில்,
பழைய திருகாணிகளோடு கிடக்கிறது.